பதினேழாவது வட்டம்

கீபோர்டில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் ஆள் செத்துப்போகிறார். இவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம்.

சுலபமாக்கியதும் அவள்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மாமனார் குடும்ப வம்சாவளியைப் புத்தகமாகப் போடக் கிளம்பினார். ஏழு தலைமுறை, நானூற்றுச் சொச்சம் பெயர்கள். அவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், மருமகள் கம்ப்யூட்டரில் அடிப்பாள். கல்யாணமானவர்களுக்குக் கோர்த்த இரண்டு வளையங்கள். இறந்தவர்களுக்குக் கறுப்புச் சதுரம். பிள்ளையில்லாத தம்பதிக்கு வெறும் வட்டம்.

முதல் வாரம் குறியீட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் தேடித் தேடித்தான் வைத்தாள். மாமனாருக்குப் பொறுமை இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் சேர்த்து அழுத்த மூன்று விசைகளை ஒதுக்கிவிட்டாள்.

"அடேயப்பா! செத்தவங்களுக்கே குறுக்குவழி போட்டுட்டியேம்மா!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

தேடிய நாட்களில், அந்தப் பத்து விநாடியாவது, வட்டம் எந்தப் பெண்ணுக்கு என்று பெயரைப் பார்ப்பாள். பிறகு அதுவும் போயிற்று. பதினாறு வட்டங்கள் மளமளவென்று விழுந்தன. ஒரு பெயர்கூட மனதில் நிற்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் தொட்டில் கட்டி அவிழ்த்தவர்களோ. பெயர் வைக்குமுன் போன குழந்தையை எழுதுவதில்லை என்பது அந்த நோட்டின் வழக்கம்.

இன்று கடைசிப் பக்கம்.

மாமனார் தன் மகனின் பெயரை வாசித்தார். அடுத்து அவள் பெயரை. அவள் வளையங்களை வைத்தாள்.

அதற்கப்புறம் அவர் எதுவும் வாசிக்கவில்லை. வட்டத்தை அவளே போட்டுக்கொள்வாள் என்று சன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

விரல்கள் விசைகளின் மேல்தான் இருந்தன. அழுத்த வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு நாள் இருந்தது குழந்தை. மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எனக்கும் மனசு கேக்கலம்மா. வட்டம் வேண்டாம். ஏதாவது ஒரு பேரச் சொல்லு, எழுதிடுவோம். நம்ம வீட்டுப் பொண்ணுதானே அவளும்."

நல்ல மனிதர். இந்த வீட்டில் அவளுக்கு இதைவிடப் பெரிதாக யாரும் எதையும் தந்துவிடப் போவதில்லை.

நான்காம் நாள், பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, நர்ஸுக்குக்கூடக் கேட்காதபடி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அவள் சுண்டுவிரலை அது பிடித்துக்கொண்டது. பெற்றவனிடம்கூட அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை.

சொன்னால் மாமனார் ஆசையாக நோட்டில் எழுதுவார், சத்தமாக வாசிப்பார். அவள் அடிக்க வேண்டும். பக்கத்தில் சதுரத்தையும் அவள்தான் வைக்க வேண்டும்.

"பேரு வைக்கலையே மாமா," என்றாள்.