டாலர் ஏறிய வாரம்

"டாலர் தொண்ணூத்தொண்ணு ஆயிடுச்சாம்."

டி.வி.யை அணைத்துவிட்டுத் தணிகாசலம் சொன்னார். காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்சவேணியின் கை அப்படியே நின்றது.

ஹூஸ்டனில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக நூற்றறுபது பட்டுச் சேலை அனுப்பியிருந்தார்கள். அதற்கான அறுபதாயிரம் டாலர் நாளைக்கு வருகிறது. டாலர் ஏறினால் கைக்கு வரும் ரூபாயும் ஏறும். துள்ளிக் குதித்திருக்க வேண்டிய மனுஷன் கரண்ட் பில்லை வாசிப்பதுபோலச் சொல்கிறாரே என்று அவளுக்குப் பட்டது. ஒருவேளை தெரிந்துவிட்டதோ?

"நல்லதுதானேங்க" என்றாள்.

"நல்லதுதான்" என்றவர், டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வருஷம் இதற்கு நேர்மாறாக நடந்தது. சேலை போய்ச் சேர்ந்து பணம் வருவதற்குள் டாலர் இரண்டு ரூபாய் இறங்கிவிட்டது. தாமல், திருப்புட்குழி கிராமங்களில் சேலை நெய்து கொடுத்த தறிக்காரர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் கூலி கொடுக்க அவளுடைய செயின் அடகுக்குப் போனது. அப்போதும் தணிகாசலம், "காத்திருந்தா தானா ஏறும், வேணி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன்னால், ஹூஸ்டன் ஆர்டர் வந்த வாரத்தில், அவரிடம் சொல்லாமல் அவள் பாங்குக்குப் போனாள். தொழில் இருவர் பேரிலும் இருந்தது. யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும்.

"இந்த டாலர் விலைய யாருமா போடறாங்க? தங்கம் மாதிரி காலையில யாராவது சொல்றாங்களா?" என்று அங்கிருந்த அதிகாரி ஸுபத்ராவிடம் கேட்டாள்.

ஸுபத்ரா சிரித்தாள். "யாரும் தனியா உக்காந்து போடறதில்லைமா. வெளிநாட்டுலேர்ந்து எண்ணெய் இறக்கறவங்க டாலர் வாங்குவாங்க. உங்கள மாதிரி ஏத்துமதி பண்றவங்க விப்பாங்க. வாங்கறவங்க கூடினா ஏறும், விக்கறவங்க கூடினா இறங்கும். இப்ப நாம பேசிட்டிருக்கும்போதே மாறிட்டிருக்கும்."

"மூணு மாசம் கழிச்சி எவ்ளோ இருக்கும்?"

"அது எங்களுக்கும் தெரியாது. ஆனா இன்னிக்கே ஒரு விலை எழுதிக்கலாம். எண்பத்தெட்டரை. உங்க பணம் வர அன்னிக்கு வெளியில எவ்வளவு இருந்தாலும், அதே எண்பத்தெட்டரைக்கு நீங்க தரணும், நாங்க வாங்கிக்கணும்."

"தெரியாமயே எப்டி எழுதித் தர்றீங்க? இறங்கிட்டா உங்களுக்குத்தானே நஷ்டம்?"

"அதே சமயத்துல டாலர் வேணும்னு இன்னொருத்தர் எங்ககிட்ட வருவார். வெளிநாட்டுலேர்ந்து மெஷின் வாங்கறவர்னு வெச்சுக்கோங்க. ஏறினா அவருக்குப் பயம். இறங்கினா உங்களுக்குப் பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவுல நாங்க உக்காந்திருக்கோம்."

அம்சவேணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆர்டர் நகலைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்த மெஷின்காரர் யாராக இருப்பார், எந்த ஊர்க்காரர், அவரும் இப்போது நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாரா என்றே யோசனை.

இப்போது டாலர் தொண்ணூற்றொன்று. இனி மறைக்க முடியாது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க சொன்னாப்பல சும்மா இருந்திருந்தா ஒன்றரை லட்சம் கூட வந்திருக்கும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

தணிகாசலம் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதுல நஷ்டம் எங்க இருக்குது?" என்றார். "சேலைக்கு நாம வெச்ச லாபம் அப்படியேதான் இருக்குது. இறங்கியிருந்தா இன்னா பண்ணியிருப்போம்? மூணு மாசம் நிம்மதியா தூங்கின இல்ல, அதுக்குக் குடுத்த விலைன்னு நெனச்சிக்கோ."

அவளால் நம்ப முடியவில்லை. காத்திரு, காத்திரு என்று சொன்ன வாயா இது?

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"போன வருஷம் நீ செயினக் கழட்டிக் குடுத்தியே, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. உங்கிட்ட காட்டிக்கல, அவ்ளோதான்" என்றார். பிறகு, "வேணி, சொன்னபடி டாலர் குடுக்க முடியாமப் போனா இன்னா ஆவும்னு பாங்குல அந்தம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க. அன்னிக்கு இருக்கிற விலைக்கும் எழுதின விலைக்கும் உள்ள வித்தியாசத்த நாம கையிலேர்ந்து கட்டணும்னாங்க. அது எதுக்குங்க இப்போ? நமக்குத்தான் நாளைக்கு டாலர் வருதே."

"வருது. அறுபதாயிரம் வருது. உன் பாங்குக்குச் சரியாப் போச்சி."

எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் வேறொரு பாங்கின் முத்திரை. அதே ஹூஸ்டன் ஆர்டர், அதே அறுபதாயிரம் டாலர், அதே எண்பத்தெட்டரை ரூபாய். அவள் பாங்குக்குப் போன மறுநாள் தேதியிட்டு, கீழே தணிகாசலம் கையெழுத்துப் போட்டிருந்தார்.