நேராகப் போன பந்து

"தலையத் தூக்காதீங்க சேர்! பந்து உருண்டு தண்ணிக்குள்ள போயிரும்."

ஜெஸீல் தலையைத் தூக்கிவிட்டார். பந்து உருண்டுபோய் வாய்க்காலில் விழுந்தது.

கோல்ஃப் நன்றாக ஆடுவேன் என்று கம்பனியின் பெரிய முதலாளியிடம் பெருமையடித்ததன் வினை இது. சனிக்கிழமை நுவரெலியாவுக்கு ஆட வரச் சொல்லிவிட்டார். பொய் வெளிப்பட்டால் பிராந்திய மனேஜர் பதவி போச்சு. நாளை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வண்டி ஏற வேண்டும்.

டோஹா கோல்ஃப் மைதானத்தில் பதினொரு வருஷம் வேலை செய்த ஒலுவில் ஊர்ச் சிஹானைத்தான் ஜெஸீல் மலைபோல் நம்பியிருந்தார். அறுவடை முடிந்த வயலில் மூன்று நாளாகப் பயிற்சி.

"தோளத் திருப்பாமக் கையால மட்டும் அடிக்கிறீங்க. வலப்பக்கம் போகும்."

போனது. பந்து விழுமுன்பே பிழையைச் சொல்லிவிடுகிறான்!

மஹ்ரிபுத் தொழுகை நேரம் நெருங்கியது. கடைசிப் பந்து. ஜெஸீல் பிஸ்மி சொல்லி, தோளைத் திருப்பி வீசினார். பந்து நேராக எழுந்து, நாலு வரம்பு தாண்டிப் போய் விழுந்தது.

சிஹான் தலையைச் சொறிந்தான்.

"என்ன தம்பி, இதிலயும் பிழையா?"

"தெரியா சேர்."

"பதினொரு வருஷம் கோச்சா இருந்த உனக்கா தெரியா?"

"கோச்செண்டு நான் எப்ப சேர் சொன்னன்? அங்க குளத்துக்குள்ள மூழ்கிப் பந்து எடுக்கிறதுதான் என்ட வேலை. எந்தப் பிழைக்கு எந்த மூலையில வந்து உழுமெண்டு தெரியும். நேராப் போன பந்து ஒண்டும் என்ட கைக்கு வந்ததில்ல."