ஊசிக்கு மயங்கிய ரூஃபஸ்

ஊசி இன்னும் கையைத் தொடவே இல்லை. அதற்குள், "ஐயோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார் ரூஃபஸ்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து அந்த சர்ச் ஹாலே கொல்லென்று சிரித்தது.

"கஷ்டம், கஷ்டம்! ஆறடி ஆளு, கொசு கடிக்கிறதுக்கு முன்னாடியே காலி!" என்றார் மீன் சட்டிப் பக்கம் நின்ற ஹொரேஸ்.

ரூஃபஸின் மனைவி எர்னஸ்டின் தலையில் அடித்துக்கொண்டார். "மானமே போச்சு! கூடப் பிறந்த தம்பியை ரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மனுஷன் பண்ற காரியமா இது?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததிலிருந்து நர்ஸ் டெனிஸ் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திக்கொண்டிருந்தாள். "ரத்தப் புற்றுநோய்க்கு முந்தின நிலைன்னு ஒண்ணு இருக்கு. நம்ம கறுப்பு ஜனங்களுக்குத்தான் அது அதிகம். வலிக்காது, காட்டிக்காது. ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும். வாங்க!"

பெண்கள் தொப்பி கசங்காமல் வந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆண்கள்? ஒருத்தர் அசையணுமே! மீன் வறுக்கும் சட்டியைச் சுற்றி நின்றபடி, "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார்கள். ரூஃபஸின் தம்பியும் கடைசிவரை அதையேதான் சொன்னார், பாவம்.

ஆனால் இப்போது ஹொரேஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நகருங்கப்பா! ஆம்பளை எப்படி ஊசி போட்டுக்கணும்னு நான் காட்டறேன். டெனிஸ், குத்தும்மா!"

"அவன் மட்டும்தான் ஆம்பளையா? எனக்கு ரெண்டு கையிலயும் குத்து!" என்று இன்னொருவர் பின்னால் வந்து நின்றார். பார்த்துக்கொண்டே இருக்கையில் வரிசை வாசல்வரை நீண்டது.

டெனிஸ் ரூஃபஸைப் பார்க்கப் பதறி எழுந்தாள். எர்னஸ்டின் தடுத்தார்.

"நீ ஊசியைக் கவனிம்மா. இவருக்கு நான் போதும்."

பக்கத்தில் உட்கார்ந்து, சர்ச் விசிறியால் முகத்தை மறைத்தபடி, காதோடு சொன்னார்: "என்னங்க, போன வாரம் அடுத்த தெரு சர்ச்சுல விழுந்தது இன்னும் நல்லா இருந்துச்சு."

ரூஃபஸ் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"ஹொரேஸ் குத்திக்கிட்டானா?"

"ஆச்சு. வரிசையில இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்காங்க."

"அப்ப நல்லா சத்தமாத் திட்டுடி. அவங்க முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கல."