ஏரியில் இல்லாத மீன்

“ஏரியே காலியாயிடுச்சு. மீன் எங்கய்யா?” என்று கேட்டார் பூங்கா அலுவலகத் தலைவர் லுவோ.

துணை அலுவலர் கெங், முழங்கால் வரை சேறோடு கரையேறினான். “செருப்பு இருக்கு, சைக்கிள் இருக்கு, ஒரு சோபா கூட இருக்கு. மீன்னு பாத்தா வெறும் கெண்டைதான் ஐயா.”

எல்லாம் ஹாவ் யுன்சியாங்கின் விரலில் ஆரம்பித்தது. ஏரியில் துடைப்பத்தை அலசப்போன அந்த அம்மாளை ஏதோ கடித்துவிட்டது. ரத்தம் சொட்டும் விரலைச் செல்போனில் காட்டி, “முதலை மாதிரி வாய். நம்ம ஊர் மீனே இல்லை” என்று அவர் சொன்னதை மாகாணமே பார்த்தது. ஏரிக்கரையில் மாலை நடனம் நின்றது. சந்தையில் பாவம், கெண்டையைக்கூட வாங்க ஆளில்லை. அந்நிய மீனை உயிரோடோ பிணமாகவோ பிடிக்காமல் ஓயமாட்டோம் என்று சிவப்புத் துணியில் எழுதிக் கட்டிவிட்டு, அலுவலகம் பம்பு வைத்து ஏரியை இறைக்கத் தொடங்கியது.

இப்போது நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் கலங்கல் தண்ணீர். கரையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சல் ஹாவ் மேல் திரும்பியது.

“தம்பி, சோயாப்பால் கடைக்காரன் என்னைக் கண்டாலே ‘பொய்க்காரி வந்துட்டா, வழி விடுங்க’ங்கிறான்” என்று அவர் கெங்கிடம் வந்து நின்றார். “என் மகளுக்குப் பேசி வெச்ச இடம் தள்ளிப்போவுது. எப்படியாவது அதைப் பிடிச்சுக் குடுத்துடு.”

“கோவிச்சுக்காதீங்க அக்கா. ஒருவேளை ஆமையா இருக்குமோ?”

“கடிக்கிறப்ப அது அடையாள அட்டை காட்டல தம்பி.”

அவர் போனதும் லுவோ கெங்கைத் தனியே அழைத்துப் போனார்.

“நாளைக்குக் காலையில மாவட்டத் தலைவர் வர்றாரு. நேரலையில நாடே பாக்கப்போவுது. மீன் வந்தாகணும்.”

“இல்லாத மீன் எப்படி ஐயா வரும்?”

“வரலைன்னா, ஒரு விரலுக்காக ஏரியை இறைச்ச முட்டாள் யாருன்னு கேப்பாங்க. உத்தரவுல இருக்கிறது உன் கையெழுத்து.”

கெங் அன்று மாலையே பக்கத்து நகரத்தின் அலங்கார மீன் கடைக்குப் போய் முதலை வாய் மீன் கேட்டான்.

“இதை விக்கக்கூடாதுன்னு தடை போட்டதே உங்க ஆளுங்கதானே?” என்றான் கடைக்காரன்.

“ஆராய்ச்சிக்கு.”

“நல்லா நடக்கட்டும் ஆராய்ச்சி” என்று ஒரு கை நீள மீனை வாளியில் போட்டு மூடிக் கொடுத்தான்.

விடியற்காலையில் கெங் அதைப் பள்ளத்தில் விட்டான். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் பம்பின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாவட்டத் தலைவர் வந்தார். பள்ளத்தில் நின்ற ஆட்கள் வலை வீசினார்கள். முதல் இழுப்பிலேயே நீள மூக்கும் ஊசிப் பல்லுமாக மீன் துள்ளியது. பட்டாசு வெடித்தது. ஹாவ் தேம்பித் தேம்பி அழுதார். கெங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த இழுப்பில் இன்னொரு மீன் வந்தது. கெங் பம்பின் மறைவிலிருந்து எழுந்து வந்தான். அடுத்ததில் மூன்றாவது.

“நமது விழிப்புணர்வுக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாவட்டத் தலைவர் காரில் ஏறினார். கூட்டமும் கலைந்தது; ஹாவ் மட்டும் கரையிலேயே நின்றார்.

லுவோ பல்லைக் கடித்தபடி கெங்கை நெருங்கினார். “ஒண்ணு போதாதா? ரெண்டு எதுக்குய்யா விட்டே?”

“நான் ஒண்ணுதான் விட்டேன் ஐயா. அப்ப மத்த ரெண்டும்...?”

“உன்னை நம்பாம நான் ஒண்ணு விட்டேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் ஹாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஊரே பொய்க்காரின்னுச்சே தம்பி. நான் வேற என்னதான் செய்ய?”

லுவோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனசு லேசாகி வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆக மொத்தம் இந்த ஏரியில எந்தக் காலத்துலயும் ஒண்ணும் இருந்ததில்ல. போதும், வலையைச் சுருட்டுங்கப்பா” என்று பள்ளத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சுருட்ட முடியலீங்க ஐயா” என்று பள்ளத்திலிருந்து மூச்சுவாங்கும் பதில் வந்தது. “வலையில துள்ளுற இதைத் தூக்க இன்னும் நாலு பேர் வேணும்.”