முசல்லம் அடித்த காற்று

சினாய் பாலைவனத்தின் இந்தப் பாறை இடுக்கில் காலை வெயில் ஒற்றைக் கோடாகத்தான் இறங்குகிறது. போன வாரம் வெள்ளம் வந்தபோது, என் அக்கா மகன் முசல்லம் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு ஆடுகளை மீட்க இங்கேதான் இறங்கினான். வண்டி மட்டும் மிஞ்சியது. அதில்தான் நானும் அக்காவும் கூடாரத்துக்குத் திரும்புகிறோம். பாதை முழுக்க வெள்ளம் புதுமணலைக் கொட்டி வைத்திருக்கிறது, மாவு போல. டயரில் காற்றைக் குறைக்காமல் இறங்கினால் வண்டி அச்சுவரை புதைந்துவிடும். குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் வால்வை அழுத்துகிறேன்.

"கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்கான் பாரு, முரட்டுப்பய! எத்தனை தடவ சொல்லியிருப்பேன்" என்று பழக்கத்தில் திட்டிவிடுகிறேன்.

"அன்னைக்குக் காலையில மூச்சு வாங்க வாங்க பம்பை மிதிச்சான்டா. ரொட்டி ஆறுதுன்னு நான் கத்திக்கிட்டே இருந்தேன்" என்கிறாள் அக்கா.

மூன்று டயர்கள் சீறி அடங்குகின்றன. நாலாவதற்கு வரும்போது அவள் மணலில் உட்கார்ந்து, சீறும் காற்றுக்கு நேரே உள்ளங்கையை நீட்டுகிறாள். கறுப்பு முக்காட்டின் நுனி படபடக்கிறது. திடீரென்று என் கையைத் தள்ளிவிடுகிறாள்.

"போதும். இது இருக்கட்டும்."

"புதைஞ்சிடும்க்கா."

"புதையட்டும்டா."

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி மணலில் நகர்கிறது. இறுகிய அந்த ஒற்றைச் சக்கரம் புதைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் இறங்கி, இரண்டு கையாலும் மணலை அள்ளி எறிந்துவிட்டு, வால்வைத் தொடாமல் ஏறிக்கொள்கிறேன்.