தூணுக்கு விழுந்த திட்டு

"யாருண்ணே இந்த ரிங்கையெல்லாம் இப்படிக் கட்டினது? கண்ணு தெரியலையா?"

என் மருமக இன்ஜினியர். வீட்டுல அவ சத்தமே கேக்காது, மிக்ஸி போடக்கூட யோசிப்பா. அவதான் மாடி கட்டற இடத்துல, அப்பா வயசு கம்பிக்காரரை எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கினா.

"தூண் கம்பியைச் சுத்தி அடியிலயும் உச்சியிலயும் நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங்கு, நடுவுல ஆறு அங்குலத்துக்கு ஒண்ணுன்னு சொன்னேன்ல? பூமி ஆடினா முதல்ல விரிசல் விடறதே அந்த ரெண்டு முனையிலதான். இப்படியே நாளைக்குக் கான்கிரீட் போட்டிருந்தா?"

கம்பிக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "தப்புதாம்மா."

தப்பு அவரோடது இல்ல. எங்க வீட்டுக்காரரோடது.

நேத்து ஆளுங்க சாப்பிடப் போன நேரம். "ஒரு இடத்துல நெருக்கி, ஒரு இடத்துல விட்டு, என்ன வேலை இது?"ன்னு குறடும் கையுமா போய், அவுத்து, எல்லா ரிங்கையும் சமமா கட்டிட்டு வந்தார். மனுஷனுக்கு எதுவும் வரிசையா இருக்கணும். என் நாத்தனார் கல்யாண போட்டோவுல உயரவாரியா நிக்க வைக்கிறேன்னு மாப்பிள்ளையையே பின்வரிசைக்குத் தள்ளினவர். சரி, அந்தக் கதை எதுக்கு இப்ப.

இங்க வாயைத் திறக்கணுமே? செங்கல்லைப் பாத்துக்கிட்டே நின்னார். அப்புறம் பெரிய மனுஷனாட்டம், "விடும்மா, பாவம், தெரியாம செஞ்சிருப்பார்"ங்கறார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஆனா கட்டின புருஷனைக் காட்டிக் கொடுக்கவும் நாக்கு எழலை.

"உங்களுக்காக விடறேன் மாமா. திரும்பக் கட்டினதும், கான்கிரீட் போடற வரைக்கும் யாரும் தொடாம நீங்கதான் பாத்துக்கணும்"ன்னா மருமக.

அவ்வளவுதான். டேப்பும் கையுமா தூண் பக்கத்துலயே நாற்காலி போட்டுட்டார். காக்கா உக்காந்தாக்கூட விரட்டறார்.

மனசு கேக்காம கம்பிக்காரருக்கு டீ கொண்டு போனேன். "மன்னிச்சுக்கங்கண்ணே. சின்னப் பொண்ணு, விவரம் தெரியாம பேசிட்டா. அது வந்து, எங்க வீட்டுக்காரர்..."

அவர் சிரிச்சார்.

"ஐயா வேலைதான்னு பாப்பாவுக்குக் காலையிலயே தெரியும்மா. நாலு பேர் எதிர்ல மாமா தலைகுனியக் கூடாது, உங்களைத் திட்டிக்கட்டுமாண்ணேன்னு கேட்டுட்டுதான் ஆரம்பிச்சாங்க. அதுலயும் எங்க, முதல்ல குரலே எழும்பலை. இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டுன்னு நான்தான் கண்ணைக் காட்டினேன்."