மூக்குக் கட்டு

“மூக்கு குத்தாதீங்க, சீழ் வைக்கும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா நீ?”

பிலவேந்திரன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த கோழி இறங்கி ஓடியது.

பெண்டாட்டி ராயம்மாள் பதறவில்லை. மருமகள் லில்லியின் மூக்கைச் சுற்றிப் போட்டிருந்த வெள்ளைத் துணிக் கட்டைச் சரிசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செஞ்சி கடைத்தெருப் பத்தரிடம் குத்திய மூக்கு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கென்று போய், சாயந்திரம் கட்டோடு திரும்பியிருந்தார்கள்.

“ஆறு நாளைக்குத் தெனம் வந்து கட்டு மாத்தணுமாம்.”

“ஆறு நாளா?”

“வுட்டா மூளைக்கு ஏறிடுமாம். டாக்டரு சொன்னாரு.”

மூளை என்றதும் பிலவேந்திரன் அப்படியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று ராயம்மாளுக்கே தோன்றியது.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

செஞ்சி ஹைஸ்கூலில் அன்றைக்கு எஸ்.எஸ்.எல்.சி. செப்டம்பர் பரீட்சை ஆரம்பம். மார்ச்சில் தவறிய லில்லி மறுபடி எழுதுகிறாள். நிச்சயதார்த்தத்திலேயே பிலவேந்திரன் கறாராகச் சொல்லியிருந்தார்: “எம்மவன் எட்டாவது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்னு ஒரு காகிதம் வூட்டுக்குள்ள வந்தா அப்புறம் அவன் பேச்சு எடுபடாது.”

மகன் ஆரோக்கியநாதன் நெய்வேலியில் சுரங்க வேலையில் இருந்தான். அப்பா பேசும்போது அவன் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை.

காய்ச்சல் என்றால் இரண்டு நாள் தாங்கும். ஆறு நாளுக்கு என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத்தான் ராயம்மாள் மூக்குக்கு வந்தாள்.

“வலிக்கும்டி.”

“பரீட்சை எழுதலாம்னா ரெண்டு பக்கமும் குத்திக்கறேன் அத்தை.”

தினமும் பஸ் இறங்கியதும் கட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் ராயம்மாள் உட்கார்ந்திருப்பாள். மணி அடித்து லில்லி வந்ததும் திரும்பக் கட்டிவிடுவாள்.

வீட்டில் பிலவேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

“பால்சாமி பொண்டாட்டிக்குக் கால்ல முள்ளுதான் குத்துச்சி. எட்டாம் நாளு தாடை இறுகிப் போய்ச் சேந்தா. ஆ காட்டும்மா.”

லில்லி ஆ காட்டினாள். செவ்வாய்க்கிழமையும் காட்டினாள், புதன்கிழமையும் காட்டினாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், அடுப்பங்கரையில் கட்டை அவிழ்த்த ராயம்மாள் விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துப் பார்த்தாள். பொய்க்குப் போட்ட கட்டு. வேர்வையில் ஊறி ஊறி, மூக்கு நிஜமாகவே பழுத்துவிட்டது. மூக்குத்தியைச் சுற்றி மஞ்சளாய்ச் சீழ்.

“நாளைக்கு நெசமாவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்டி.”

“நாளைக்குக் கணக்கு அத்தை. போன தடவ அதுலதான் போச்சு.”

“பரீட்சையாடி பெருசு? உசுரு இல்லியா?”

“பரீட்சைய முடிச்சிட்டு உசுரப் பாத்துக்கலாம்.”

ராயம்மாள் அன்று ஜெபமாலையை இரண்டு சுற்று சொன்னாள். பால்சாமி பெண்டாட்டியின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அமாவாசை. மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம் படியில் தொங்க, மூன்று பஸ்ஸும் நிற்காமல் போய்விட்டன. லில்லிக்குக் கண் கலங்கியது.

பிலவேந்திரன் மாட்டை வண்டியில் பூட்டினார்.

“ஏறுங்க. நேரத்துக்குப் போவணும்.”

ராயம்மாள் லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நேராக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்துவார். இந்த மூக்கை நான் பார்த்ததே இல்லையே என்பார் டாக்டர். அதற்கப்புறம் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? அதைவிட, புள்ளைக்குக் கணக்குப் போய்விடும். முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா?

“இந்தாங்க...”

“பேசாம குந்து. மாடு மெரளும்.”

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. ராயம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது வாசல் பின்னால் போயிருந்தது.

“ஆஸ்பத்திரி தாண்டிப் போச்சிங்களே” என்றாள் ஈனக்குரலில்.

“எனக்குக் கண்ணு தெரியுது.”

ஹைஸ்கூல் வாசலில் வண்டி நின்றது. பிலவேந்திரன் இவர்கள் பக்கம் திரும்பாமல், மாட்டின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே பேசினார்.

“நல்ல ஊசியா போடச் சொல்லலாம்னு செவ்வாக்கெழம நாலு முட்டை எடுத்துக்கிட்டுக் கம்பவுண்டரப் பாக்கப் போனேன். இந்த வாரம் நாய்க்கடி ரெண்டு, பிரசவம் மூணு, மூக்கு ஒண்ணும் வரலியேன்னாரு. அப்பிடியே புண்ணாக்கு வாங்க இந்தப் பக்கம் வந்தேன், இந்த மரத்தடியில ஒருத்தி குந்தியிருந்தா. வெயிலு மூஞ்சியில அடிக்குது, நகந்து குந்தக்கூடத் தோணல அவளுக்கு. பொண்ணு உள்ள எழுதுற எடத்தையே பாத்துக்கினு இருந்தா.”

ராயம்மாள் தலையைத் தூக்கவில்லை. லில்லி வண்டியிலிருந்து இறங்கி நின்றாள்.

“கட்ட அவுத்துட்டுப் போம்மா. உள்ள சீட்டு ஒளிச்சி வச்சிருக்கியான்னு வாத்தியாரு கேப்பாரு.”

“மாமா...”

“நேத்து கட்டுல சீழ் தெரிஞ்சிது. காத்தாலயே பால்காரன்கிட்ட சொல்லியனுப்பிட்டேன். மணி அடிச்சதும் கம்பவுண்டரு ஊசியோட இங்கியே வருவாரு. நீ போயி கணக்கப் போடு.”